குத்துச்சண்டைப் பாணி உடற்பயிற்சி: புதிதாகச் சேர்வோர்க்கு ஒரு பாடம்

லிவர்மோரில் மேக்ஸ் பேயர் பூங்கா என்று ஒன்று உண்டு. பிள்ளைகளைப் பந்து விளையாட அங்கே அழைத்துச் செல்லும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு அப்பெயர் யாருடையது என்பது தெரியாதிருக்கலாம். மேக்ஸ் பேயர் 1909-ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் 1920-களில் லிவர்மோருக்குக் குடிபெயர்ந்து பண்ணை நடத்தியது. தந்தை இறைச்சித் தொழிலில் இருந்தவர். கனத்த இறைச்சித் துண்டங்களைச் சுமந்து சுமந்தே மகனுக்குத் தோள்வலிமை வாய்த்தது என்று சொல்வதுண்டு. 1934-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று நியூயார்க்கில் இத்தாலியரான பிரைமோ கார்னெராவை வென்று உலகக் கனஎடைக் குத்துச்சண்டைப் பட்டத்தைப் பெற்றார். ஓராண்டு மட்டுமே அது அவரிடம் இருந்தது. 1935 ஜூன் 13 அன்று ஜேம்ஸ் பிராடக்கிடம் அதை இழந்தார்.

அவர் வாழ்வில் இதைவிடக் கனமான நாள் ஒன்று உண்டு. 1930-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவரோடு மோதிய பிரான்கி காம்பெல், மூளையில் ஏற்பட்ட காயத்தால் மறுநாள் இறந்தார். பேயர் மீது உள்நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றச்சாட்டுச் சுமத்தப்பட்டுப் பின்னர் நீங்கியது. அந்த நினைவு நீங்கவில்லை. ஒரு மனிதனின் தலையில் மற்றொரு மனிதன் குத்துவதே குத்துச்சண்டை என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இன்று உடற்பயிற்சி நிலையங்களில் நடைபெறும் 'பாக்சிங் வகுப்பு' அதிலிருந்து எங்கே பிரிகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வதே புதிதாகச் சேர்பவருக்கு முதற்பாடம்.

அது பிரியும் இடம் ஒன்றே: அங்கே எவரும் எவரையும் குத்துவதில்லை. காற்றிலே குத்துவார்கள்; தொங்கும் பையைக் குத்துவார்கள்; பயிற்றுநர் கையில் ஏந்தும் பட்டை மெத்தையைக் குத்துவார்கள். கயிறு தாண்டுதல், குந்தி எழுதல், வயிற்றுத் தசைப் பயிற்சி ஆகியவை இடையிடையே வரும். இருவர் எதிரெதிரே நின்று மோதும் பயிற்சிக்கு 'ஸ்பாரிங்' என்று பெயர். சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த வகுப்பில் ஸ்பாரிங் உண்டா?" என்பது. 'உண்டு, ஆனால் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்' என்று விடை வந்தால், விருப்பமில்லை என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

குத்துச்சண்டை தமிழர்க்கு அந்நியமானதும் அன்று. வட சென்னையில் பரம்பரை என்ற பெயரில் குழுக்கள் பிரிந்து குத்துச்சண்டை நடத்திய மரபு பல தலைமுறை பழையது; 2021-இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தின் வழியாக அது அயல்நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிட்டது. முகமது அலி 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியபோது அரங்கில் இருந்தவர்கள் இன்று தாத்தாக்களாக இந்தப் பள்ளத்தாக்கில் பேரப்பிள்ளைகளுடன் வசிக்கக்கூடும்.

உடல்நிலையை முதலில் அறிதல்

இப்பகுதியில் வாழும் தமிழர் பலருடைய நாள், நாற்காலியிலும் காரிலும் கழிகிறது. தெற்காசியருக்கு இதயநோயும் நீரிழிவும் இளம் வயதிலேயே வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றுள் ஒன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியரை 2010 முதல் தொடர்ந்து கவனித்துவருகிறது. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயர் 'மசாலா' என்று அமைந்திருப்பது ஆய்வாளர்களின் நகைச்சுவை. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2018-இல் வெளியிட்ட கொழுப்பு குறித்த வழிகாட்டுதல், தெற்காசிய வம்சாவளியையே இதயநோய் அபாயத்தைக் கூட்டும் காரணிகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம், ஆசிய வம்சாவளியினர் உடல் நிறைக் குறியீடு 23-ஐ எட்டினாலே சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது. பிறருக்கு அந்த எல்லை 25. 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது ஏறக்குறைய 65 கிலோ எடை. அதாவது, பார்வைக்கு ஒல்லியாகத் தோன்றும் பலரும் அந்த எல்லைக்குள் வந்துவிடுவர்.

ஆகவே, பல ஆண்டுகளாக உடற்பயிற்சி இல்லாதிருந்து நேரே தீவிர வகுப்பில் சேர நினைப்பவர், முதலில் மருத்துவரைக் காண்பது நன்று. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர், உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர், பெற்றோர் உடன்பிறந்தோரில் எவருக்கேனும் இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தினர் ஆகியோர்க்கு இது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டிருப்பின், கடும் பயிற்சி கண்ணுக்குள் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். கண் மருத்துவர் இசைவின்றித் தொடங்கலாகாது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர், வகுப்புக்கு முன் சர்க்கரை அளவு 90-க்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்ட பின்னரே தொடங்க வேண்டும். பையில் குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோ இருக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்காக 'பீட்டா பிளாக்கர்' வகை மருந்து உட்கொள்பவரின் இதயத்துடிப்பு, எவ்வளவு உழைத்தாலும் அதிகம் ஏறாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பெண்ணை நம்பித் தம்மை வருத்திக்கொள்ளக் கூடாது.

மருத்துவரிடம் ஆங்கிலத்தில் விளக்கத் தயங்கும் பெரியோர், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். கூட்டாட்சி அரசின் நிதியுதவி பெறும் மருத்துவ நிறுவனங்கள் இதைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும். அவசரநிலை தவிர மற்ற வேளைகளில், உடன்வரும் சிறுவயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்வதைக் கூட்டாட்சி விதிகள் அனுமதிப்பதில்லை. நெஞ்சுவலியைப் பற்றிப் பேத்தி வழியாகச் சொல்லக் கூசும் தாத்தாக்களுக்கு இது பெரிய உதவி.

எவ்வளவு செய்வது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. வயதுவந்தோர் வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான பயிற்சியோ 75 நிமிடம் கடும் பயிற்சியோ செய்து, இரண்டு நாளேனும் தசைவலுப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க அரசின் வழிகாட்டுதல். மிதமானது எது, கடுமையானது எது என்று அறியக் கருவி வேண்டியதில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலைந்து சொல்லுக்கு மேல் மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால் கடுமை. குத்துச்சண்டை வகுப்பு பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வாரம் இருமுறை சென்றாலே அந்த 75 நிமிடம் நிறைந்துவிடும். முதல் மாதத்தில் அதற்குமேல் செல்லத் தேவையில்லை.

முதல் வகுப்பு

பத்து நிமிடம் முன்னதாகச் சென்று, தாம் புதியவர் என்பதையும் மூட்டுவலி போன்ற குறைகளையும் பயிற்றுநரிடம் சொல்லிவிட வேண்டும். நல்ல பயிற்றுநர் அதன்பின் இரண்டொரு முறையேனும் அருகில் வந்து பார்ப்பார். ஒருமுறையும் வராதவரின் வகுப்புக்கு மறுமுறை செல்லாதிருப்பதே மேல்.

மோதிரம், வளையல், காப்பு ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நலம். கையுறைக்குள் மோதிரம் இருந்தால் குத்தும்போது விரலை நசுக்கும். வீங்கிய விரலிலிருந்து அதை அறுத்தெடுக்க நேரிடும். தாலியைக் கழற்ற விரும்பாத பெண்கள் அதை உள்ளாடைக்குள் செருகி ஊக்கு இட்டுக்கொண்டு, மேலே இறுக்கமான சட்டை அணியலாம். நீண்ட கூந்தலைப் பின்னிக் கொண்டையாக முடிந்துகொள்ள வேண்டும். காலணி, ஓட்டத்திற்கானதைவிட அடிப்பாகம் தட்டையாகவும் பக்கவாட்டில் பிடிமானம் உள்ளதாகவும் இருப்பது ஏற்றது. உயர்ந்த மெத்தென்ற அடிப்பாகம் திரும்பும்போது கணுக்காலைப் பிறழச் செய்யும்.

கையுறைக்கு முன் கைப்பட்டை. இது ஏறக்குறைய நாலரை மீட்டர் நீளமுள்ள துணிப்பட்டை. பெருவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, உள்ளங்கையைச் சுற்றி மூன்று சுற்று, விரலிடுக்குகளின் வழியே ஒவ்வொன்றாக இழுத்து மீண்டும் மணிக்கட்டில் முடிப்பது வழக்கமான முறை. விரல்களை விரித்துவைத்துச் சுற்ற வேண்டும். மடக்கிவைத்துச் சுற்றினால் பின்னர் முட்டியை மூட இயலாது. விரல்நுனி வெளுத்தாலோ மரத்தாலோ அவிழ்த்துத் தளர்த்தவும். கையுறை, பையில் குத்துவதற்கு 12 முதல் 16 அவுன்ஸ் வரை எடையுள்ளது போதுமானது. நிலையத்தில் இரவல் கிடைக்கும். ஆயினும் அடுத்தவர் வியர்வை ஊறிய கையுறை தோல்நோய்க்கு வழி; தொடர்ந்து செல்வது என்று முடிவானதும் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது.

நிற்கும் முறையே இக்கலையின் அடித்தளம். சிலம்பம் பயின்றவர்க்கு இது எளிதில் புரியும். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து, வலக்காலைச் சற்றே பின்னும் பக்கவாட்டிலுமாக வைத்து, முழங்கால்களை இளக்கி நிற்க வேண்டும். பின்குதிகால் தரையிலிருந்து சிறிது எழும்பியிருக்கும். இரு கைகளும் கன்னத்தருகே, முழங்கைகள் விலாவோடு, தாடை தாழ்ந்து. இடக்கைப் பழக்கமுள்ளவர்க்கு எல்லாம் மறுதலை.

முன்கையால் நேராக நீட்டி உடனே இழுத்துக்கொள்வது ஜாப். பின்கையால் நேராகக் குத்துவது கிராஸ். முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுவது ஹூக். கீழிருந்து மேலே ஏற்றுவது அப்பர்கட். பயிற்றுநர்கள் இவற்றிற்கு எண் கொடுத்து, "ஒன்று, இரண்டு" என்று கூவுவார்கள். பெரும்பாலான இடங்களில் ஒன்று ஜாப், இரண்டு கிராஸ். கிராஸ் குத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கையால் குத்துவதாக எண்ணுவதே அத்தவறின் வேர். விசை தரையில் பிறக்கிறது: பின்கால் பந்துவிரல் தரையை அழுத்தித் திரும்ப, இடுப்பு திரும்புகிறது; இடுப்பு திரும்பத் தோள் திரும்புகிறது; கை கடைசியில் சென்று சேரும் வெறும் முனை. உரலில் உலக்கை குத்திய பாட்டிமார் இதை ஒருவரிடமும் கற்கவில்லை. அவர்கள் தோளை மட்டும் நம்பியிருந்தால் அரைப்படி நெல்லுக்குள் ஓய்ந்திருப்பார்கள்.

பையில் படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் முட்டி. சிறுவிரல் பக்கம் பட்டால் அங்குள்ள மெல்லிய அங்கை எலும்பு முறியும். மருத்துவர்கள் இம்முறிவைக் 'குத்துச்சண்டை வீரர் முறிவு' என்றே அழைக்கிறார்கள். உண்மையில் அது தேர்ந்த வீரர்களைவிடச் சுவரைக் குத்திய கோபக்காரர்களுக்கே மிகுதியாக வருகிறது. மணிக்கட்டு முன்கையோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். காற்றில் குத்தும்போது முழங்கையை முழுதாக நீட்டி அடைத்துவிடாமல், ஒரு விரற்கடை மீதம் வைத்து இழுத்துக்கொள்ள வேண்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டு குத்துவது மற்றொரு பிழை. இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு அது ஆபத்தும் ஆகும். ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்ஸ்' என்று சிறிது மூச்சு வெளியேற வேண்டும். வகுப்பில் கேட்கும் அந்தச் சீற்றம் வீராப்புக்காக அன்று.

பெரும்பாலும் மூன்று நிமிடச் சுற்றும் ஒரு நிமிட ஓய்வுமாக வகுப்பு நடக்கும். முதல் நாளில் ஒவ்வொரு சுற்றிலும் பாதியளவு செய்து நின்றுவிடலாம். சுற்றியிருப்பவர்களின் வேகமும் உரத்த இசையும் புதியவரைத் தம் எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்வதே குழு வகுப்புகளின் சிறப்பும் கேடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோளும் தொடையும் வலிப்பது இயல்பு. மூன்று நாளில் தணியும். ஆனால் தசை வீங்கி, வலி பொறுக்க இயலாததாகி, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், அது தசைநார் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளம். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, மயக்கம், காரணமற்ற வியர்வை ஆகியவை தோன்றினால் 911. 'வாயுவாக இருக்கும்' என்று சீரகத் தண்ணீர் குடித்துக் காத்திருந்து காலம் கடந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

லிவர்மோரின் கோடை வெயில் 100 பாரன்ஹீட்டைத் தாண்டும் நாள்கள் பல. பூங்காவில் நடைபெறும் வகுப்பாயின் காலை வேளையே தக்கது. காட்டுத்தீப் புகை சூழ்ந்து காற்றுத் தரக் குறியீடு 150-ஐக் கடந்த நாள்களில் வெளிப்புற வகுப்பைத் தவிர்க்கவும்.

பெரியோரும் பிள்ளைகளும்

குத்துச்சண்டைப் பாணிப் பயிற்சி இளையோர்க்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டியதில்லை. இண்டியானாபொலிஸ் நகரில் அரசு வழக்கறிஞராக இருந்த ஸ்காட் நியூமன், பார்க்கின்சன் நோய்க்கு ஆளானபின், மோதலில்லாத குத்துச்சண்டைப் பயிற்சி தமக்குப் பயன்தருவதைக் கண்டு 2006-இல் 'ராக் ஸ்டெடி பாக்சிங்' என்ற அமைப்பை நிறுவினார். நாற்காலியில் அமர்ந்தபடியே குத்தும் முறையும் உண்டு. முழங்கால் தேய்ந்தவர்க்குத் தண்ணீரில் செய்யும் குழுப்பயிற்சி இன்னும் உகந்தது. தாளத்தோடு ஆட விரும்புவோர்க்கு சும்பா வகுப்புகள் உள்ளன.

ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்துள்ள பெற்றோரைச் சேர்க்கும் முன், அவர்களுடைய பயணக் காப்பீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். முன்பே இருந்த நோய்களுக்குப் பல காப்பீடுகள் வரம்பு வைத்துள்ளன. சில, விளையாட்டுக் காயங்களை விலக்கியும் வைக்கின்றன. இங்கே ஒரு கணுக்கால் முறிவுக்கான கட்டணமே குடும்பத்தின் சேமிப்பைக் குலைக்கவல்லது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் கனடாவின் கழகமும் 2011-இல் இணைந்து, சிறுவர்கள் குத்துச்சண்டைப் போட்டியில் ஈடுபடுவதை எதிர்த்து நிலைப்பாடு எடுத்தன. தலைக்காயமே காரணம். பையைக் குத்துவதற்கும் கயிறு தாண்டுவதற்கும் அந்த எதிர்ப்பு இல்லை. பிள்ளை ஆசைப்பட்டால் ஸ்பாரிங் இல்லாத வகுப்பாகப் பார்த்துச் சேர்க்கலாம்.

கையெழுத்துக்கு முன்

சேரும் நாளில் இரண்டு தாள்கள் நீட்டப்படும், இப்போதெல்லாம் பெரும்பாலும் ஒரு திரையில். ஒன்று உறுப்பினர் ஒப்பந்தம். மற்றொன்று பொறுப்புத் துறப்பு. இரண்டையும் படிக்காமல் விரலால் கீறிவிடுவதே பெரும்பாலோர் வழக்கம்.

கலிபோர்னியாவின் உரிமையியல் சட்டத் தொகுப்பில் உடற்பயிற்சி நிலைய ஒப்பந்தங்களுக்கென்றே தனி அத்தியாயம் உள்ளது, 1812.80-ஆம் பிரிவிலிருந்து தொடங்குகிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் படி ஒன்று உறுப்பினருக்குத் தரப்பட வேண்டும். கையெழுத்திட்டபின் ஐந்து வேலை நாள்களுக்குள், ஞாயிறும் விடுமுறை நாளும் நீங்கலாக, காரணம் எதுவும் கூறாமல் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். தொகை பெரிதானால் இக்காலம் நீளும். அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். வரவேற்பு மேசையில் வாயால் சொல்லிவிட்டு வருவது பயன்படாது. வேலை மாறி 25 மைலுக்கு அப்பால் குடிபெயர்ந்து, அங்கே அதற்கிணையான நிலையத்திற்கு உறுப்பினர் உரிமையை மாற்றித் தர இயலாத நிலையில், மீதிக் காலத்திற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. நிலையம் முன்கூட்டியே குறித்த சிறு கட்டணம் மட்டும் கேட்கலாம். அது 100 டாலரை மிஞ்சக் கூடாது. மென்பொருள் வேலையில் ஊர் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் இவ்விதியை நினைவில் வைத்துக்கொள்வது நன்று. இணையத்தின் வழியே சேர்ந்தவர், தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவை இணையத்தின் வழியாகவே நிறுத்திக்கொள்ள வகை செய்யப்பட வேண்டும் என்பதும் இம்மாநிலச் சட்டம்.

பொறுப்புத் துறப்பு வேறு வகையானது. வகுப்பில் காயம்பட்டால் நிலையத்தின்மீது வழக்குத் தொடுக்க மாட்டேன் என்பதே அதன் சாரம். 'இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அது தவறு. தெளிவாக எழுதப்பட்ட துறப்பைக் கலிபோர்னியா நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. பிள்ளைக்காகப் பெற்றோர் இடும் கையெழுத்தையும் ஏற்கின்றன. ஆனால் ஓர் எல்லை உண்டு. சாந்தா பார்பரா நகராட்சி நடத்திய முகாமில் நீந்திக்கொண்டிருந்த மாற்றுத்திறனாளிச் சிறுமி ஒருத்தி மூழ்கி இறந்த வழக்கில், மாநில உச்சநீதிமன்றம் 2007-இல், படுமோசமான அலட்சியத்திற்கு இத்தகைய துறப்பு கேடயமாகாது என்று தீர்ப்பளித்தது. சாதாரணக் கவனக்குறைவு ஒன்று. கொக்கி அறுந்து தொங்குகிறது என்று தெரிந்தும் நூறு பவுண்டுப் பையை மாட்டி வைப்பது வேறு. அத்தகைய குறை கண்ணில் பட்டால் படமெடுத்து எழுத்தில் தெரிவிப்பது, தமக்கும் அடுத்து வருபவருக்கும் பாதுகாப்பு.

சிலவகை ஒப்பந்தங்களை ஸ்பானிஷ், சீனம், தகாலோக், வியட்நாமியம், கொரியன் ஆகிய மொழிகளில் பேரம் பேசினால் அம்மொழியிலேயே மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்று இம்மாநிலச் சட்டம் பணிக்கிறது. தமிழ் அப்பட்டியலில் இல்லை. எனவே ஆங்கிலப் படியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, படிக்கத் தெரிந்த மகனிடமோ மருமகளிடமோ காட்டிவிட்டு மறுநாள் கையெழுத்திடுவதை எவரும் தடுக்க இயலாது. இன்றே கையெழுத்திட்டால்தான் தள்ளுபடி என்று அவசரப்படுத்தும் இடத்தில் இன்னும் ஒரு நாள் கூடுதலாக யோசிக்கலாம்.

தனியார் நிலையங்களுக்கு முன்பாகப் பொது வகுப்புகளைப் பார்த்துவிடுவது சிக்கனம். ஈஸ்ட் அவென்யூ 4444-இல் உள்ள ராபர்ட் லிவர்மோர் சமூக மையத்திலும் பிற இடங்களிலும் நடைபெறும் வகுப்புகளை லிவர்மோர் வட்டாரப் பொழுதுபோக்கு மற்றும் பூங்கா மாவட்டம் நடத்துகிறது. 1947-இல் அமைக்கப்பட்ட இம்மாவட்டம் நகராட்சியின் துறை அன்று. தனக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவைக் கொண்ட தனி அமைப்பு. ஆகையால் வகுப்பு அட்டவணை, கட்டணம், முறையீடு ஆகியவற்றிற்கு நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்காமல், அம்மாவட்டத்தின் அலுவலகத்தையே நேரடியாக அணுக வேண்டும்.